கடல் இடது கைப்பக்கம் இருக்கட்டும்

மலேசியாவில் எங்கள் ஈப்போ மலையேற்றக் குழுவில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. காட்டுக்குள் போகும்போது கையில் வரைபடம் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அது. நான் வேண்டும் என்கிற கட்சி. கட்சி எதிலும் சேராமல் திரிந்த காலத்தில் ஒருநாள் ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து, அட்டைகளுக்கு ரத்ததானம் செய்து, இருட்டுவதற்குள் எப்படியோ சாலையைப் பார்த்தேன். அதிலிருந்து எங்கே போனாலும் வழியை அச்சடித்து, மழையில் நனையாதபடி லேமினேட் செய்து, பையில் வைத்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவேன். கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். கைப்பேசிக்கு உயிர் போகும். காகிதத்துக்குப் போகாது.

சென்னைக்கும் அப்படித்தான் வந்தேன். ஆனால் வந்த காரியம் மலையேற்றம் இல்லை.

மகள் யாழினி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அங்கே அரவிந்த் என்ற மயிலாப்பூர்ப் பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பையனின் அப்பா சேஷாத்ரி தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லிவிட்டார். அம்மா கோமதிதான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். அவர்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. எங்கள் வீட்டில் நெத்திலிச் சம்பல் இல்லாமல் பொழுது விடியாது. என் கணவர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். "நீயே போய்ப் பேசிட்டு வா லா, எத்தன கோவக்கார நோயாளிங்கள சமாளிச்சிருக்க" என்று அனுப்பிவிட்டார். ஆயுள் முழுக்க மருத்துவமனையில் தாதியாக இருந்தவளுக்கு ஓர் அம்மாளைப் பார்க்கப் பயம் என்று வெளியே எப்படிச் சொல்வது?

முதல் நாள் தி.நகர். விடுதியிலிருந்து பனகல் பூங்கா வரை போய் வரலாமென்று வரைபடத்தோடு இறங்கினேன். காட்டில் மரம் நகராது. இங்கே தெருவே நகர்கிறது. ஒரு கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போய், நான் கேட்காத சந்து ஒன்றில் இறக்கிவிட்டது. ஓரமாக நின்று வரைபடத்தை விரித்ததும் ஹேர்கிளிப் விற்பவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"எங்க போணும் சொல்லும்மா. அத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

சொன்னேன். நேராகப் போய் இடதுபக்கம் என்றார். பக்கத்தில் பாத்திரம் விற்பவர், இடதில்லை வலது என்றார். சேலைப் பைகளோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று, இரண்டு பேரும் தப்பு, வந்த வழியே திரும்பு என்றார். மூவரும் என்னை மறந்துவிட்டுத் தங்களுக்குள் வாதாட ஆரம்பித்தார்கள். நான் நழுவி எதிரே இருந்த சிற்றுண்டிக் கடைக்குள் நுழைந்தேன். பழக்க தோஷத்தில் "கோப்பி ஓ" என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் பால் இல்லாத கறுப்புக் காப்பிக்கு அதுதான் பெயர். பரிமாறுகிறவர் நிதானமாக, "ஓன்னா இன்னாம்மா? ஓவர் சக்கரையா?" என்றார். வந்தது டபராவும் டம்ளருமாக நுரை பொங்கும் காப்பி. முதல் வாய் குடித்ததும் பூங்காவாவது ஒன்றாவது என்று அங்கேயே இன்னொன்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் மயிலாப்பூர். சேஷாத்ரி தெப்பக்குளத்து மூலையில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஆட்டோக்காரர் கைப்பேசியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்து, அது சொன்னபடியெல்லாம் திருப்பினார். கடைசியில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறித்த இடத்தில் வண்டி மூக்கை முட்டிக்கொண்டு நின்றது.

"இது நேராப் போன்னுது. நேராப் போனா பள்ளம் கீது. நான் இன்னா பண்ணட்டும் சொல்லுங்க" என்று என்னையே நியாயம் கேட்டார். நான் லேமினேட் செய்ததை எடுத்தேன். அதிலும் பள்ளம் இல்லை. மிச்சத் தூரத்தை நடந்தே போனேன்.

சேஷாத்ரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒல்லியாக, உயரமாக, வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக நின்றவர் என் தோள்பையையும் மலையேறும் காலணியையும் பார்த்ததுமே கையைத் தூக்கிவிட்டார். பேசிக்கொண்டே கோயிலைச் சுற்றிய நான்கு மாட வீதிகளையும் வந்து, பேச்சு முடியாததால் இன்னொரு சுற்றும் வந்துவிட்டோம். அவரும் என்னைப் போல நடைப் பைத்தியம். திருவல்லிக்கேணிக்கும் அடையாறுக்கும் நடந்துதான் போவாராம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என்ன பாடம் என்று கேட்டேன்.

"ஜியாக்ரஃபி."

அப்படியானால் நம் கட்சிதான் என்று மகிழ்ந்து வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் மேப் எடுத்துண்டு போறதில்லே, மேடம். சர்வீஸ் பூரா அதைச் சுவத்துல மாட்டி மாட்டி அலுத்துப் போச்சு. போற ஊருக்கு ஒரு அடையாளம் இருந்தா போறும். நாளைக்குப் பாலவாக்கம் போகணும் இல்லையா? கடலை இடது கைப்பக்கம் வச்சுண்டு நடந்தா தானா வந்துடும்."

பாலவாக்கத்தில் அவருடைய மூத்த மகள் வித்யாவின் வீடு இருக்கிறது. அங்கேதான் மறுநாள் மதியச் சாப்பாடு. கோமதி அம்மாள் சமைப்பதற்காக முன்னதாகவே அங்கே போய்விட்டார். என்னைப் பார்ப்பதும் தீர்ப்புச் சொல்வதும் அந்த இலைக்கு முன்னால்தான் என்று ஏற்பாடு.

"நடந்தே போலாமா?" என்றார் சேஷாத்ரி. கேட்கும்போது அவர் முகம் பள்ளியைக் கட்டடித்துவிட்டு ஓடப் போகிற மாணவனின் முகம்போல இருந்தது.

ஆட்டோ இருக்கிறது, பேருந்து இருக்கிறது, முதல்முறை சந்திக்கப் போகும் வீட்டுக்கு வியர்வையோடு போவது அழகில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். "போலாம் சார்" என்றேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். அவர் காப்பியோடு சரி. நான் ஒரு தட்டுப் பொங்கலில் பசியாறிவிட்டு வந்தேன். கச்சேரி சாலையைக் கடந்து சாந்தோமில் கடற்கரைக்கு இறங்கினோம். தை மாதத்துக் காற்று முகத்தில் அடித்தது. மணலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள், கிரிக்கெட் ஆடியவர்கள், சங்குபோல ஊதியபடி மூச்சுப் பயிற்சி செய்த ஒரு பெரியவர் என்று எல்லோரையும் தாண்டி நடந்தோம். கடல் சமர்த்தாக இடது கைப்பக்கமே இருந்தது. சேஷாத்ரி அடிக்கடி அதை எனக்குச் சுட்டிக்காட்டினார், தாமே கொண்டுவந்து வைத்ததைப்போல.

பட்டினப்பாக்கம் தாண்டிச் சீனிவாசபுரத்தின் கடைசிக்கு வந்தோம். அங்கே இடது பக்கம் கடல் இருந்தது. முன்னாலும் தண்ணீர் இருந்தது. வலது பக்கமும் தண்ணீர் இருந்தது. அடையாறு கடலில் கலக்கும் இடம்.

"இது ஒண்ணு நடுவுல வரும்னு மறந்தே போச்சு" என்றார் ஜியாக்ரஃபி ஆசிரியர்.

எனக்கு அப்போது ஏற்பட்ட ஆனந்தத்தை எழுதினால் பொல்லாதவள் என்பீர்கள். வரைபடத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். அதில் ஆற்றின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தெளிவாக ஓடியது. "பாலம் இருக்கு சார்" என்றேன். இருவரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். பாலம் இருந்தது. நடுவில் ஒரு துண்டு மட்டும் இல்லை. எங்கள் பக்கம் சில தூண்கள், எதிர்ப்பக்கம் பல தூண்கள், நடுவில் வெறும் ஆகாயமும் இரண்டு கொக்குகளும்.

சேஷாத்ரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவர்கள் வந்தார்கள். ஃபைபர் படகு வைத்திருக்கும் அந்தோணி, அவர் மனைவி ஸ்டெல்லா. ஸ்டெல்லாவின் இடுப்பில் மீன் கூடை.

"இன்னா சார், ரெண்டு பேரும் எங்க போய்க்கினுகீறீங்க?"

"பாலவாக்கம்."

அந்தோணி எதுவும் நடக்காததுபோல முகவாயால் ஆற்றின் வாயைக் காட்டினார். "அத்தோ மணல் மேடு கீது பாரு. முட்டிக்கால் தண்ணிதான். நடந்தே பூடலாம்."

"நேத்து இர்ந்திச்சு" என்றார் ஸ்டெல்லா. "ராத்திரி அட்ச்சிக்கினு பூட்ச்சு. நீ இன்னும் எழுந்துக்கவே இல்ல போல. எம்மா, இவரு பேச்ச கேக்காத. திரும்பிப் போயி பஸ்ஸு ஏறு."

"நான் பொறந்ததுலேர்ந்து பாக்கறேன் இந்த ஆத்த."

"நான் மட்டும் இன்னா, நேத்தா பொறந்தேன்?"

ஹேர்கிளிப்காரரையும் பாத்திரக்காரரையும் நினைத்துக்கொண்டேன். அந்தோணி தண்ணீரில் இறங்கி நடந்து காட்டினார். முட்டி வந்தது, இடுப்பு வந்தது, மார்பு வந்தது. திரும்பி வந்து, "சரி, படகுல வாங்க. அந்தாண்ட ஊரூர் குப்பத்துல வலை குடுக்கற வேலை கீது" என்றார். ஸ்டெல்லாவும் ஏறிக்கொண்டார். மீன் அந்தப் பக்கம் நன்றாகப் போகுமாம்.

மலையில் நான் எதற்கும் அசையமாட்டேன். படகு மணலை விட்டு அலையின்மேல் ஏறியபோது என் வயிறு ஈப்போவுக்குத் திரும்பிப் போய்விட்டது. "புட்ச்சிக்கோ, புட்ச்சிக்கோ" என்றார் ஸ்டெல்லா. எதைப் பிடிப்பது என்று சொல்லவில்லை. சேஷாத்ரி மட்டும் இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றியபடி சுற்றிலும் பார்த்துப் பூரித்துப் போயிருந்தார்.

"கழிமுகம், மேடம். எத்தனையோ தடவை நடத்தியிருக்கேன். உள்ளே உக்காந்து பாத்ததே இல்லே."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, இயந்திரம் இருமி நின்றது. அடுத்த அலை எங்கள் தலைக்குமேல் எழுந்து அப்படியே உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தபோது நால்வரும் தொப்பலாக இருந்தோம். கூடை கவிழ்ந்து, மத்தி மீன்கள் சேஷாத்ரியின் மடியெல்லாம் மின்னின. ஆயுளில் மீனைத் தொட்டிராத மனிதர். கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் ஒவ்வொன்றாக வாலைப் பிடித்துத் தூக்கிக் கூடையில் போட ஆரம்பித்தார்.

"ஆத்துல சொல்லிடாதேங்கோ" என்றார்.

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தோணி இயந்திரத்தின் கயிற்றை இழுத்து இழுத்து அதன் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். ஒருவழியாக அது மறுபடி உறும, அக்கரையில் மணலில் மோதி இறங்கினோம். கணக்குப் பார்த்தால் சேஷாத்ரியின் ஒரு செருப்பு கடலோடு போயிருந்தது. இரண்டு கைப்பேசிகளும் இருண்டிருந்தன. என் வரைபடம் மட்டும் ஒரு சொட்டு ஈரம் ஒட்டாமல், இல்லாத பாலத்தோடு பளபளவென்று இருந்தது.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். இளநீர்க்காரர் எங்களைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுதான் வெட்டிக் கொடுத்தார். அவ்வளவு வாசனை. வெயில் ஏறிவிட்டது. வித்யா வீட்டில் இந்நேரம் இலை கழுவியிருப்பார்கள். கைப்பேசி இரவல் வாங்கலாமென்றால் எண் இருவருக்கும் மனப்பாடமில்லை. இந்தக் கோலத்தில் எங்களை ஏற்ற எந்த ஆட்டோவும் நிற்கவில்லை.

"உங்க மேப்பைக் காட்டுங்கோ" என்றார் சேஷாத்ரி, குரல் இறங்கி.

"வேணாம் சார். கடல் இடது பக்கம் இருக்கட்டும், போயிடலாம்" என்றேன் நான்.

கட்சி மாறிவிட்டோம் என்று இருவருக்குமே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. திருவான்மியூர் வரை மணலிலேயே போனோம். ஒற்றைச் செருப்போடு சூட்டில் அவர் நொண்டவே, நிழலுக்காக உள்ளே ஒரு தெருவில் திரும்பினோம். அதுதான் பெரிய தப்பு. அங்கே எல்லாத் தெருவுக்கும் ஒரே பெயர், எண் மட்டும்தான் வேறு. எல்லா வீட்டு வாசலிலும் ஒரே செம்பருத்தி. வரைபடத்தில் அந்தத் தெருக்கள் எறும்பு ஊர்ந்த தடம்போல இருந்தன. வேப்ப மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டியைக் கடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அதே வண்டி. மறுபடியும் அதே வண்டி.

"இன்னா சார், கோயில் சுத்தற மாரி சுத்திக்கினுகீறீங்க" என்றார் இஸ்திரி போடுகிறவர். "ஏதாச்சும் வேண்டுதலா?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நிற்க முடியாமல் சிரித்தேன். அந்த நேரத்தில்தான் ஆட்டோ ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. பட்டுப்புடவையும் வைரத் தோடுமாக ஓர் அம்மாள் இறங்கினார். சொல்லாமலே தெரிந்துவிட்டது. என் சிரிப்பு அப்படியே நின்றது.

கோமதி அம்மாள் கணவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். செருப்பில்லாத காலில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, "அடி கிடி பட்டுதா?" என்று கேட்டார். அழுதிருக்கிறார் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"இல்லக்கா."

"போன் ரெண்டும் போகலே. கடலை ஒட்டித்தான் வருவார்னு தெரியும், ஒழுங்கா வரமாட்டார்னும் தெரியும். ஒவ்வொரு தெருவாத் தேடிண்டு வரேன். என்னென்னமோ நெனச்சுட்டேன். ஏன்னா, இது என்ன நாத்தம்?"

சேஷாத்ரி என்னைப் பார்த்தார். "மத்தி" என்றார்.

கோமதி அம்மாள் அதை அப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு என்னிடமே கேட்டார். "இவர் நடக்கலாம்னு சொன்னா, உங்களுக்காவது வேண்டாம்னு தோணலையா?"

மழுப்பியிருக்கலாம். நனைந்து, நாறி, தலை கலைந்து நிற்கும்போது மழுப்புவதற்கு எதுவும் மிச்சமிருப்பதில்லை.

"பயமா இருந்துச்சுக்கா. நேரா வந்து உக்காந்தா நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு. நடந்தா கொஞ்சம் லேட்டாகும்ல. அதான் சரின்னேன்."

"எனக்கும் அதான்" என்றார் சேஷாத்ரி மெதுவாக. "நீ என்ன சொல்லப்போறேன்னு தெரியாம ஆட்டோல வந்து இறங்க தைரியம் வரலே."

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கோமதி அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் மட்டும் என்ன? மலேசியாலேர்ந்து வரா, அவாகிட்ட என்ன பேசறது, எப்படிப் பேசறது, ஒண்ணும் தெரியலே. ரசத்துக்கு ரெண்டு தடவை உப்பு போட்டுட்டேன்" என்றார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக, பிறகு அடக்க முடியாமல்.

ஆட்டோக்காரர்தான் எங்களை நடப்புக்குக் கொண்டுவந்தார். "மாமி, அவங்கள ஏத்திக்கறேன். ஆனா சீட்டு நாறிடும். எதனாச்சும் போட்டுக் குந்தச் சொல்லுங்க." வரைபடத்தை இருக்கையில் விரித்து நானும் சேஷாத்ரியும் அதன்மேல் உட்கார்ந்தோம். நடுவில் கோமதி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டுநருக்கு வழி சொல்லியபடி வந்தார். ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை.

எங்கள் குழுவினர் இதைப் படித்தால் ஆவலாகக் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் பழைய கட்சிதான். காட்டுக்கு வரைபடம் இல்லாமல் போகாதீர்கள். ஆற்றின்மேல் கோடு தெரிந்தால் பாலம் முழுசாக இருக்கிறதா என்று யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேரைக் கேட்காதீர்கள்.

வித்யா வீட்டில் என்னை நேராகக் குளியலறைக்கு அனுப்பினார்கள். வெளியே வந்தபோது கட்டிலில் மாற்று உடை தயாராக இருந்தது. பிறகு இலை. மோர்க்குழம்பும் பருப்புசிலியும் சேனை வறுவலும் அப்பளமும். ரசம் உண்மையிலேயே கரித்தது. எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் சாப்பிட்ட வாழையிலையை எப்படி மடிப்போம், எங்கள் கல்யாணங்களில் என்ன செய்வோம், கோயில் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கோமதி அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். இலை எடுத்த பிறகும் கேட்டார். நேராக எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசியில் பாயசக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தபடி, "உங்க பக்கத்துலேர்ந்து எத்தனை பேர் வருவா? மண்டபம் பாக்கணுமோல்லியோ?" என்றார்.

சேஷாத்ரி உற்சாகமாக, "ஏர்போர்ட்லேர்ந்து எல்லாரையும் நானே கூட்டிண்டு வந்துடறேன்" என்றார்.

"நீங்க ஆத்துலயே இருங்கோ" என்றார் கோமதி அம்மாள்.

என் கைப்பேசி உயிர்பெறவில்லை. வித்யாவின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் யாழினியை வீடியோவில் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். முகம் வாடியிருந்தது. ஏன் போன் எடுக்கவில்லை, எங்கே போனீர்கள், என்ன சொன்னார்கள் என்று மூச்சுவிடாமல் கேட்டாள். சட்டென்று அவள் பேச்சை நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் வந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அது யாரோட சேலை?"

"உன் மாமியாரோடது" என்றேன்.